ஏரோஸ்பேஸில் பிஎச்டி: சேரலாமா, வேலைக்குப் போகலாமா?

தென்றல்: மெக்கானிக்கலில் முதுநிலைப் படிப்பு முடிகிறது. ராக்கெட் கம்பஸ்ஷனில், அதாவது எரிபொருள் எரிவது பற்றி, பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. கையில் ஒரு வேலையும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

டர்பைன்காரன்: வேலையை எடுங்கள். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில், சோதனைகளின்போது எரிதல் நிலைகுலைந்து எஞ்சின்களே சிதறின. சமன்பாடு மட்டும் போட்டு அதைத் தீர்க்கவில்லை. எரியறைக்குள் சின்ன வெடிகளை வெடித்து, எரிபொருளை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து, திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்துத்தான் அடக்கினார்கள். 1930-லேயே ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்ட ஃபிராங்க் விட்டிலும் விமானப்படை அதிகாரிதான், முனைவர் இல்லை.

எல்லைப்படலம்: ஜெர்மனியின் ஓஹைனை விட்டுவிட்டீர்களே! 1939-இல் பறந்த முதல் ஜெட் விமானத்தில் இருந்தது அவர் எஞ்சின். கோட்டிங்கனில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

டர்பைன்காரன்: இயற்பியலில் வாங்கிய பட்டம். அவர் ஆய்வேட்டுக்கும் ஜெட் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லைப்படலம்: சரி, விண்வெளி வீரர் ஆல்ட்ரினை எடுத்துக்கொள்வோம். 1963-இல் எம்ஐடியில் அவர் முடித்த ஆய்வு, சுற்றுப்பாதையில் விண்கலங்கள் சந்திப்பதைப் பற்றியது. 1966-இல் அவர் போன ஜெமினி 12 விண்கலத்தின் ரேடார் கைவிட்டபோது, கோணம் அளக்கும் செக்ஸ்டன்டையும் அட்டவணைகளையும் வைத்துக் கணக்குப் போட்டு இலக்குக் கலத்துக்கு வழிகாட்டினார். அப்புறம், எஃப்-1. தடுப்பு வைத்ததும் அடங்கியது, சரி. ஏன் அடங்கியது என்று தெரியாமல் அடுத்த எஞ்சினை எப்படி வரைவீர்கள்? டர்புலன்ஸை, அதாவது ஓட்டத்தின் கொந்தளிப்பை, தோராய மாடல் எதுவும் இல்லாமல் கணினியில் நேரடியாகக் கணிக்கப் பார்த்தால், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்று காட்டும் எண்) பத்து மடங்காகும்போது, கணக்குப் போட வேண்டிய மெஷ் புள்ளிகள் ஏறக்குறைய 180 மடங்காகின்றன. அதனால்தான் கம்பெனிகள் மாடல்களை நம்பி ஓடுகின்றன. அந்த மாடல் எங்கே பொய் சொல்லும் என்று கண்டுபிடிக்க ஒருவர் வருடக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தப் பொறுமைக்கு வேலையில் யாரும் சம்பளம் தருவதில்லை.

டர்பைன்காரன்: அப்படி உட்காருபவர்கள் தேவை, மறுக்கவில்லை. ஆனால் பாதியில் நிதி நின்றால்? வழிகாட்டி வேறு இடத்துக்குப் போனால்? தென்றல், அந்த ஆய்வகத்தில் முடித்தவர்களோடு நிறுத்தாமல், விட்டுப் போனவர்களிடமும் பேசுங்கள்.

தென்றல்: சோதனை எரியறை தயாரா என்று கேட்டேன். இனிமேல்தான் கட்ட வேண்டுமாம்.

டர்பைன்காரன்: அப்படியானால் முதல் இரண்டு வருடம் வால்வும் குழாயும்தான். அந்த வேலையைச் சம்பளத்தோடே கற்கலாம்.

எல்லைப்படலம்: கட்டத் தெரிந்தவருக்குத்தான் அளவீட்டில் எது பிழை என்று தெரியும். நான் சேர்வேன். ஆனால் நிதி எத்தனை வருடத்துக்கு என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.