கலைச்சொல்: நிலம் குடியிருப்பாக மாறும்போது பார்க்கும் "கொள்ளளவு"க்கு எந்தச் சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

நகரமைப்புச் சொற்பட்டியலில் ஒரு பதிவு முடியாமல் நிற்கிறது. விவசாய நிலத்தைக் குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் வருகிறது. அந்தப் பகுதியின் குடிநீர், சாக்கடை, சாலை, பள்ளி எல்லாம் கூடுதல் ஆட்களுக்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்கும் வேலைக்குப் பெயர் வேண்டும். இப்போது "பொதுச்சேவைக் கொள்ளளவு மதிப்பீடு" என்று இருக்கிறது. "தாங்குதிறன்" என்று மாற்றலாமா?

— ந.

————

> "தாங்குதிறன்" என்று மாற்றலாமா?

வேண்டாம். மண் பரிசோதனை அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: மண் எவ்வளவு எடை தாங்கும் என்பது அது. ஒரே கோப்பில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

கொள்ளளவும் சரிவராது. ஏரிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் கொள்ளளவு உண்டு. எவ்வளவு பிடிக்கும் என்பது அது. குழாய்க்கோ வினாடிக்கு எத்தனை லிட்டர் போகும் என்பதுதான் கணக்கு. 5 லட்சம் லிட்டர் தொட்டியை நிரப்பும் குழாய் சிறிதாக இருந்தால், "கொள்ளளவு போதுமானது" என்று எழுதிய கோப்பிலும் பிழையில்லை, மாடியில் தண்ணீர் வராததும் உண்மை.

அதைவிடப் பெரிய சிக்கல்: நாம் தேடுவது மொத்தத் திறனை அல்ல, அதில் இன்னும் யாருக்கும் போகாத பங்கை. ஒரு கற்பனை விண்ணப்பத்தை வைத்துச் சொல்கிறேன். 4 ஹெக்டேர், 600 வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 2,400 பேர். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டின்படி, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதாவது 3,24,000 லிட்டர் குடிநீர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும்: 2,59,200 லிட்டர், சராசரியாக வினாடிக்கு 3 லிட்டர். ஆனால் காலை ஆறு முதல் எட்டுவரை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும். 20,000 பேருக்குக் குறைவான பகுதிக்கு உச்சக் காரணி, அதாவது உச்ச ஓட்டம் சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது, 3. ஆகவே 9 லிட்டர்.

தெருவில் 200 மி.மீ. குழாய், 250-க்கு 1 சரிவு என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு உயரத்துக்கு ஓடினால் சுமார் 20 லிட்டர் போகும். இன்றைய உச்ச ஓட்டம் 13. மீதம் 7, தேவை 9. சுத்திகரிப்பு நிலையத்தில் தாராளமாக இடம் இருந்தும் பயனில்லை, கழிவுநீர் தெருமுனை மேன்ஹோலிலேயே பொங்கிவிடும். வீட்டிலிருந்து நிலையம்வரை உள்ள வழியில் எந்தக் கண்ணியில் மீதம் மிகக் குறைவோ, அதுதான் மொத்த வழியின் மீதம்.

இன்னொன்று அடிக்கடி விட்டுப்போகும்: அனுமதி வாங்கி, இன்னும் கட்டாத வீடுகள். அதே குழாயில் சேரப்போகும் 200 வீடுகளுக்கு ஏற்கெனவே அனுமதி தரப்பட்டிருந்தால், அவை 3 லிட்டர். அப்போது 20 − 13 − 3 = 4.

ஆகவே என் பரிந்துரை எஞ்சுதிறன். பதிவின் தலைப்பு "எஞ்சுதிறன் மதிப்பீடு".

— கா.

————

எஞ்சுதிறன் நல்ல வினைத்தொகை, எனக்குச் சம்மதம். மின்வாரியத்தார் வெகுகாலமாக எழுதும் "நிறுவுதிறன்" (நிறுவிய கருவிகளின் மொத்தத் திறன்) பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது. "மிச்சத்திறன்" பேச்சுக்கு நெருக்கம்தான், ஆனால் சாப்பாட்டு மிச்சம் போல வேண்டாததன் வாடை அடிக்கிறது.

ஒரு கேள்வி, கா. அம்மா. அனுமதி தந்து இன்னும் வராத சுமைக்கு என்ன பெயர்? "ஒப்புக்கொண்ட சுமை" போதுமா?

— இளங்.

————

ஒப்புக்கொண்ட சுமை போதும். அதற்குப் புதுச்சொல் கட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1985-ஆம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் இதையே "கான்கரன்சி" என்று விதியாக்கியது: குடியேற்றத்தின் தாக்கம் வரும்போது வசதியும் வந்திருக்க வேண்டும். 2011-இல் சாலை, பள்ளி, பூங்கா மூன்றையும் உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் மட்டும் கட்டாயம். அதைத் தனிப் பதிவாக்கி "உடன்வசதி விதி" எனலாம். மதிப்பீடு வேறு, விதி வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க வேண்டாம்.

— செ.

————

இளங். ஐயா, செ. இருவருக்கும் நன்றி. விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டியவை சில. சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போனால் அதையும் "போதுமானது" என்ற வார்த்தைக்கு முன்னால் ஒட்டிவிடுவார்கள்.

தேவையை விண்ணப்பதாரர் காட்டும் வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. வகை மாற்றம் நிலத்துக்குத் தரப்படுவது, அந்த வரைபடத்துக்கு அல்ல. நாளை நிலம் கைமாறும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது) 2. மேலே சொன்ன 4 ஹெக்டேரில் சாலையும் திறந்தவெளியும் போக 3 மிஞ்சினால், 60,000 சதுர மீட்டர் கட்டலாம். வீட்டுக்கு 75 என்றால் 800 வீடுகள், 12 லிட்டர். எஞ்சுதிறன் 4, குறைவு 8. உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை குறியீடு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓட்டத்தை மே மாதத்தில் மட்டும் அளந்தால் எஞ்சுதிறன் பொய்யாகப் பெருத்துத் தெரியும். மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடையில் இணைத்த வீடுகள் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெளிப்படும். உந்து நிலையத்தில் மாற்றுப் பம்பைச் சேர்த்து எண்ணக் கூடாது. பெரிய பம்பு ஒன்று பழுதானால் மீதி பம்புகள் எவ்வளவு தள்ளும் என்பதே திறன்.

சாலைக்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் 106-ஆம் நெறிமுறை, 1990. இருவழித் துணைப் பிரதான சாலைக்கு மணிக்கு 1,200 கார் அலகு (எல்லா வண்டிகளையும் கார் கணக்கில் மாற்றிய எண்), சேகரிப்புச் சாலைக்கு 900. பாதி அகலத்தில் வண்டிகள் நிறுத்திய தெருவுக்கு அந்த எண்ணை அப்படியே போடுவது வீண்.

பள்ளியில் வகுப்பறை, ஆசிரியர் இரண்டையும் எண்ணி, குறைவானதை எடுக்க வேண்டும். புது அடுக்ககங்களில் இளம் குடும்பங்கள் அதிகம் என்பதால் வார்டின் பழைய வயதுக் கணக்கு குறைவாகக் காட்டும்.

துறைகளிடமிருந்து வரும் கடிதங்களில் "ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பலாம். எந்தக் கண்ணி, எந்தத் தேதியில் அளந்தது, ஒப்புக்கொண்ட சுமை எவ்வளவு என்ற மூன்றும் வேண்டும்.

— கா.

————

பதிவை இப்படி எழுதுகிறேன், திருத்துங்கள்:

எஞ்சுதிறன் — ஒரு சேவை வழியில் மீதம் மிகக் குறைந்த கண்ணியில், நிறுவுதிறனிலிருந்து இன்றைய உச்சப் பயன்பாடும் ஒப்புக்கொண்ட சுமையும் கழிந்த மீதம். அலகோடும் அளந்த தேதியோடும் மட்டுமே எழுதப்படும். கழித்துச் சுழியத்துக்குக் கீழே போனால் "பற்றாக்குறை".

— ந.

————

பள்ளிக்கு நிறுவுதிறன் என்பது இடிக்கிறது. "இருக்கும் திறன்" என்று போடுங்கள், குழாய்க்கும் பொருந்தும்.

— இளங்.