சப்ஸ்டேஷன் தரை முழுக்க ஜல்லி எதற்கு?

வில்லிவாக்கம் வாசி:
கொரட்டூர் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், துணை மின் நிலையத்துக்குள் எங்கு பார்த்தாலும் கருங்கல் ஜல்லிதான். மழைக்குச் சேறாகாமல் இருக்கத்தான் என்றால் சிமெண்ட் தளமே போட்டுவிடலாமே? மின்சாரம் சம்பந்தமாக ஏதாவது காரணம் இருக்கிறதா?

பழைய லைன்மேன்:
இருக்கிறது தம்பி, முதல் காரணமே அதுதான். உள்ளே ஃபால்ட், அதாவது மின்சாரம் தரைக்குப் பாயும் கோளாறு ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர், தரைக்கடியில் புதைத்திருக்கும் எர்த் மேட் என்ற உலோக வலை வழியாக மண்ணுக்குள் இறங்கும், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும்வரை அந்தத் தரையிலேயே வோல்டேஜ் ஏறி நிற்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில். அந்த நேரம் நடந்துகொண்டிருப்பவர் எதையும் தொட வேண்டாம், இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசமே ஷாக் அடிக்கப் போதும். ஸ்டெப் பொட்டென்ஷியல் என்பது இதைத்தான். ஜல்லி அந்த மின்சாரத்தைக் காலுக்கு அதிகம் ஏறவிடாது.

பொறியாளர் அண்ணா நகர்:
அண்ணன் சொன்னதற்குக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை ஈர மண்ணுக்கு 100 ஓம்-மீட்டர், நனைந்த ஜல்லிக்கு 3000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ஸ்டேஷன் எர்த்திங்குக்கான ஐஇஇஇ 80 தரக்கோவையில் மனித உடம்பின் மின்தடை 1000 ஓம். அதன் சூத்திரப்படி, வெறும் மண்ணில் நிற்பவரின் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் பாதைக்கு மொத்தம் 1600 ஓம்தான், 10 சென்டிமீட்டர் ஜல்லி மேல் நின்றால் கிட்டத்தட்ட 13,600. கான்கிரீட் காய்ந்திருக்கும்போது நல்ல காப்புதான், ஆனால் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் ஈர மண்ணோடு சேர்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் அதை நம்பி யாரை நிறுத்துவது?

இன்னொன்று, ஜல்லி அடி மண்ணின் ஈரத்தைக் காயவிடாது, எர்த்திங்குக்கு அந்த ஈரம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் கல் நிரப்பிய குழியின் வேலை வேறு: எண்ணெய் கொட்டினால் கல்லிடுக்கில் இறங்கிவிடும், மேலே தேங்கி நின்று எரியாது.

வில்லிவாக்கம் வாசி:
நன்றி சார். அப்போ வெள்ளம் வந்து ஜல்லிக்குள் சேறு படிந்துவிட்டால்?

பழைய லைன்மேன்:
நல்ல கேள்வி, பலர் கவனிக்காத இடம் இது. கல்லுக்கு நடுவில் காலி இடம் இருக்கும்வரைதான் தண்ணீர் வடியும். சேறோ கல்தூளோ அதை அடைத்துவிட்டால் ஈரம் அங்கேயே தங்கும், மேலே ஜல்லி தெரிந்தாலும் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்றே அர்த்தம். புல் முளைத்தாலும் விடக் கூடாது. வெள்ளம் வடிந்ததும் அள்ளிச் சலித்து, கழுவி, குறைந்துபோன அளவுக்குப் புது ஜல்லி போட வேண்டும். வேலிக்கு வெளியேயும் ஒரு மீட்டர் அளவுக்குப் பரப்புவது நல்லது, ஏனென்றால் ரோட்டில் போகிறவர் சும்மா வேலிக் கம்பியில் கை வைத்து நிற்பார், ஃபால்ட் நேரத்தில் கைக்கும் காலுக்கும் நடுவிலும் வோல்டேஜ் வித்தியாசம் வரும்.