பாலைப்பழக் காலத்தில் வில்பத்து

வெள்ளவத்தை வாசி:

இலங்கையின் வடமேற்கில் உள்ள வில்பத்து தேசியப் பூங்காவில் சிறுத்தை பார்த்த கதையை இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் ஒரு கரடியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் அத்தானும் நானும் இரவு ஒரு மணிக்கு வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிட்டோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் தாண்டி அநுராதபுரம் றோட்டில் திரும்பி பூங்காவின் ஹுனுவில்கம வாசலுக்குப் போய்ச் சேர ஐந்தேகால் ஆகிவிட்டது. வாசல் திறப்பது ஆறு மணிக்கு. அக்கா கட்டித் தந்த ரொட்டியையும் சம்பலையும் ஜீப்புக்குள் இருந்தே சாப்பிட்டோம்.

உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கும், சாரதியின் போன் அடித்தது. தண்ணீர் தேங்கும் வில்லு ஒன்றின் பக்கம் சிறுத்தையாம். பறந்து போனோம். எங்களுக்கு முன்னமே பத்துப் பன்னிரண்டு ஜீப் அங்கே நின்றன. புழுதி கண்ணை மறைக்கிறது, ஆள் ஆளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பற்றைக்குள் மறையும் வாலின் நுனி மட்டும். தண்ணீருக்கு வந்த மிருகம், குடிக்காமலே திரும்பிப் போனது. அந்தப் படத்தை அன்றே அழித்துவிட்டேன்.

அத்தான் சாரதியிடம், “அண்ணே, இனி போன் வந்தாலும் போக வேண்டாம். ஆட்கள் அதிகம் வராத வில்லு ஒன்றில் நிறுத்துங்கோ” என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வில்பத்துக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: வில்லு என்பது மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைப் பள்ளம். குளம் போல அணைக்கட்டு கிடையாது. ஓரத்தில் மணலும் புல்லும், அதற்குப் பின்னால் காடு. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த காட்டில் வானம் முழுதாகத் திறக்கும் இடங்கள் இவைதான். காலை வெயில் சாய்வாக வந்து புல்லின் மேல் விழும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது.

சாரதி இஞ்சினை நிறுத்தினார். இஞ்சின் ஓடினால் அந்த அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும். ஜீப் கம்பியின் மேல் பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து, 300 மில்லிமீற்றர் லென்ஸை அதில் சாய்த்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் இருந்தோம். இரண்டு புள்ளிமான், ஒரு காட்டுக்கோழி, அவ்வளவுதான். அப்புறம் இடப்பக்கப் பாலைமரத்தடியில் இருந்து சர்ர், சர்ர் என்று யாரோ தேநீரை உறிஞ்சுவது போல ஒரு சத்தம்.

“வலஹா” என்றார் சாரதி, மூச்சு விடுகிற குரலில். சிங்களத்தில் கரடி.

ஜூன், ஜூலையில் பாலை பழுக்கும். கரடி மரத்திலும் ஏறும், கீழே உதிர்ந்ததையும் விடாது. இது உதட்டை நீட்டி, சருகை ஊதி விலக்கி, மஞ்சள் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. நெஞ்சில் வெள்ளை வளைவு, முதுகு மயிரில் ஒட்டுப்புல், மூக்கில் மண். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருந்தால் பக்கத்தில் நின்றும் தெரிந்திருக்காது.

முதல் ஆறு படத்திலும் கரடி சாம்பல் நிறமாக விழுந்திருந்தது. நிழலில் கன்னங்கறுப்பான உடம்பைக் கண்ட கமரா, இருட்டு என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷரை மைனஸ் ஒன்றுக்கு இறக்கிய பிறகுதான் மயிர் மயிராகக் கறுப்பு வந்தது. கரடி எடுக்கப் போகிறவர்கள் இதை முதலே செய்து வையுங்கள்.

பிறகு அது வில்லு ஓரமாக நடந்து போனது. புழுதிக்குள் லென்ஸ் மாற்றப் பயம். அத்தானின் கமராவில் அகன்ற லென்ஸ் இருந்தது, அதை வாங்கி எடுத்தேன். தண்ணீர், புல், காடு, மேலே வானம், நடுவில் நகத்தளவு கறுப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். “கரடி எங்கே பிள்ளை?” என்று அம்மா கிட்டப் போய்த் தேடினா. கண்டுபிடித்ததும் வெகுநேரம் அங்கேயே நின்றா.

கொட்டாஞ்சேனைக்காரன்:

அருமை அக்கா. நான் வில்பத்துக்கு மிருகத்துக்காகப் போகவில்லை, அதன் கடலோரத்தில் உள்ள குதிரைமலைக்காகப் போனேன். அல்லி அரசாணி அங்கிருந்து ஆண்டாள் என்று அப்பம்மா சொன்ன கதை சின்ன வயதில் இருந்தே மனதில் கிடந்தது. செம்பு நிற மண் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனை அது. நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினொன்றரைக்கு. உச்சி வெயிலில் மண் வெளுத்து, அடிவானம் கானலில் நடுங்கியது. எடுத்ததெல்லாம் சப்பென்று இருந்தது. திரும்புவோம் என்று இருக்கும்போது ஒரு மேகம் சூரியனை மூடியது. சிவப்பு அப்படியே எழும்பி வந்தது! நான்கைந்து நிமிடம்தான். எனக்கு அது போதும். ஒரு கேள்வி: அந்தப் பயறுப் பையை எங்கே வாங்கினீர்கள்?

வெள்ளவத்தை வாசி:

வாங்கவில்லை தம்பி, அக்கா பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தது. இரண்டு கிலோ பயறு பிடிக்கும். முழுக்க நிரப்ப வேண்டாம், கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் லென்ஸ் அமர்ந்து நிற்கும். விடுமுறை நாட்களில் காலையில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள தியசரு ஈரநிலப் பூங்காவில் நீலக்கோழியையும் கொக்கையும் எடுத்துப் பழகுகிறேன். வரும் ஞாயிறு வந்தால் பையைத் தருகிறேன், எடுத்துப் பாருங்கள்.