குடும்ப குரூப்பு: சைக்கிள் பாதைக்கு எந்த மூணு ரோடு?

தங்கப்பன்: எல்லாரும் இத முழுசா வாசியுங்க. ஞாயித்துக்கிழமை பால் வாங்கப் போன இடத்துல நம்ம வார்டு கவுன்சிலர் பிடிச்சு நிறுத்திட்டாரு. சைக்கிளுக்கு தனியா பெயிண்ட் அடிச்சு பாதை விடணும்னு நம்ம நாகர்கோவில் மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போறாராம், எந்தெந்த ரோடுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தரச் சொன்னாரு. மூணு ரோடு போதுமாம். நான் ரெண்டு நாளா காலையில நேர்ல போய் நின்னு பாத்துட்டுதான் இத எழுதுதேன்.

செல்வி: நல்ல காரியம் அண்ணே

செல்வி: வீட்டுல ரெண்டு பலாச்சக்கை பழுத்து கிடக்கு, யாருக்கு வேணும்

அனிஷ்: கேப் ரோடு போடுங்க பெரியப்பா. அதுதான் அகலம்

ஷீபா: ஒண்ணு எனக்கு அத்தை

தங்கப்பன்: அகலத்தப் பாத்து கொடுக்கப்பிடாது மக்களே. காலையில எட்டு எட்டரைக்கு பிள்ளைங்க எங்கன சவுட்டிட்டு போவுதுன்னு பாக்கணும். செட்டிகுளத்துல நின்னேன், முக்காவாசியும் பிளஸ் ஒண்ணுல கவர்மெண்டு கொடுத்த சைக்கிளுதான், எல்லாம் உள்ரோடு வழியா வந்து ஜங்ஷன் வந்ததும் பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, கால ஊணக்கூட இடம் இல்ல. அந்த உள்ரோட்டையும் ஜங்ஷனுக்கு வந்து சேருத கடைசி துண்டையும்தான் முதல்ல கேக்கணும். கேப் ரோட்டுல ஓரம் முழுக்க வண்டி நிக்குது, கோடு போட்டா கோட்டு மேலயே நிறுத்துவான். இன்னொண்ணு, ஹைவேஸ்காரன் கையில உள்ள ரோடுன்னா அவங்க சம்மதமும் வேணும், மனு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சே தேஞ்சு போவும். மாநகராட்சி ரோடு எது எதுன்னு நாளைக்கு நானே போய் கேட்டுட்டு வருதேன்.

அனிஷ்: சரி பெரியப்பா

ஷீபா: மாமா சொல்லுதது சரிதான். அபி சைக்கிள்ல இருந்து விழுந்தது மெயின் ரோட்டுல இல்ல, நம்ம உள்ரோட்டுல தான். நிறுத்தியிருந்த கார்ல பாக்காம கதவ திறந்துட்டான், பிள்ள நேரா அதுல போய் இடிச்சான். மணிக்கட்டு. இன்னும் கட்டு பிரிக்கல

செல்வி: பாவம் பிள்ள

வினோ: பெரிய மாமா இங்க கலிபோர்னியாவுல வண்டி நிறுத்துத இடத்த ஒட்டி லேன் போட்டா குறைஞ்சது 5 அடி விடணும், கதவு திறந்து அடிபடுதவங்க நிறைய பேரு. கோடு போட இடம் இல்லன்னா ஒரு பக்க பார்க்கிங்க எடுக்கணும், அத விட்டா வேற வழி கிடையாது. எங்களுக்கு பக்கத்துல டேவிஸ்னு ஒரு ஊரு, இந்த நாட்டுலயே முதல் சைக்கிள் லேன் 1967ல அங்கதான் வந்துச்சு. அதுவும் சும்மா வரல, ஊர்க்காரங்க மனு போட்டு, 1966 கவுன்சில் எலெக்ஷன்லயே அதத்தான் பேசி ஜெயிச்சாங்க

ராஜன்: அமெரிக்கா ரோடு வேற இது வேற. நம்ம தெருவுல 5 அடி விட்டா கார எங்க கொண்டு நிறுத்த, தலையிலயா

செல்வி: சின்னண்ணன் காம்பவுண்டு சுவர உள்ள தள்ளி கட்டியிருந்தா 2 அடி கிடைச்சிருக்கும்லா

ராஜன்: தொடங்கிட்டியா. சர்வேயர் அளந்து கல்லு போட்ட பொறவுதான் கட்டுனேன்

செல்வி: அப்பாவோட ராலே சைக்கிளயும் அளந்துதான் வித்தியா

தங்கப்பன்: அது இப்போ வேண்டாம் செல்வி.

ராஜன்: துருப்பிடிச்சு தொழுத்துல கிடந்துச்சு. யாரும் திரும்பிக்கூட பாக்கல

தங்கப்பன்: நான் பாத்தேன் ராஜா. அப்பா கோட்டார் கம்போளத்துக்கு அரிசி மூட்டைய பின்னால கட்டி சவுட்டுன சைக்கிளு, நம்ம மூணு பேரையும் படிக்க வச்ச சைக்கிளு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வச்சிருப்பேன். சரி, விடு.

அனிஷ்: பெரியப்பா அதோட டைனமோ லைட்டு எங்க வீட்டு பரண்ல இருக்கு

தங்கப்பன்: உள்ளதா? எடுத்து தொடச்சு வை மக்களே.

வினோ: மாமா பெயிண்ட் என்ன பெயிண்ட்னும் மனுவுல எழுதுங்க

தங்கப்பன்: அதுக்குதான் வருதேன். நான் ஓவர்சீயரா இருந்தப்போ பாத்தது, சாதா பெயிண்டு ஒரு மழைக்குக் கூட தாங்காது, நம்ம ஊருக்கு இந்த ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தெர்மோபிளாஸ்டிக்னு ஒண்ணு, உருக்கி சூடா ஊத்துதது, சூடு ஆறி இறுகுததுக்கு முன்னாலயே கண்ணாடி மணிய தூவுவாங்க, ராத்திரி லைட்டு பட்டா மின்னும். அதுதான் நிக்கும். ஆனா பாதை முழுக்க வழுவழுன்னு பூசிட்டா மழையில டயரு சறுக்கும், அதனால ஓரக்கோடும் சைக்கிள் படமும் போதும், திருப்பத்துல மட்டும் நிறம் அடிக்கணும், அதுலயும் சொரசொரப்புக்கு மணல் சேக்கணும். பள்ளத்த அடைக்காம மேல பெயிண்ட் அடிக்கப்பிடாதுன்னும் எழுதுதேன்.

ஷீபா: அது முக்கியம் மாமா

தங்கப்பன்: இப்போதைக்கு ஒண்ணு டபிள்யூ.சி.சி (பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி) ரோடு, ரெண்டு செட்டிகுளம் ஜங்ஷனுக்கு வந்து சேருத நம்ம உள்ரோடு. மூணாவது கோட்டார் ஸ்டேஷன் ரோடு போடலாமா?

செல்வி: சவேரியார் கோயில் திருவிழாவுக்கு அந்தப் பக்கம் பூரா கடையும் கூட்டமும்லா இருக்கும்

அனிஷ்: பத்து நாளுக்காவ வருசம் பூரா விடணுமா அத்தை. ரயிலுக்கு வாறவன் போறவன் எவ்வளவு பேரு சைக்கிள்ல வாறான்

வினோ: வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கமும் யோசிங்க

ஷீபா: அங்க பஸ்சே திரும்ப கஷ்டப்படுது வினோ

ராஜன்: நம்ம உள்ரோடுன்னா எங்க வீட்டு பக்கமா எதிர்ப்பக்கமா

தங்கப்பன்: பார்க்கிங் எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கம். டேப்பு எடுத்துட்டு வியாழக்கிழமை சாயங்காலம் நேர்ல அளப்போம். நீயும் வா.

செல்வி: சக்கை இன்னும் ஒண்ணு கிடக்கு

ஷீபா: மாமா, அபி கேக்குதான், அளக்கதுக்கு அவன் டேப்போட ஒரு முனைய பிடிக்கட்டுமான்னு. ஒரு கை நல்லாதான் இருக்காம்

தங்கப்பன்: பிடிக்கட்டும்.

ராஜன்: எத்தனை மணிக்கு