சுற்றுச்சூழல் பொறியியலா, வேண்டாமா: குடும்பக் குழுவில் ஓர் இரவு

இரவு 8:12

செல்வா: நிலா சுற்றுச்சூழல் பொறியியல் எடுக்கப் போகிறாளாமே. யோசித்து எடுத்த முடிவுதானா? அவள் படித்து முடிப்பதற்குள் அந்த வேலையை எல்லாம் ஏஐ பார்க்கத் தொடங்கிவிடும்.

செல்வா: (பார்வர்டு) ஏஐ விழுங்கப் போகும் வேலைகள்! உங்கள் பிள்ளை படிப்பது இதில் இருக்கிறதா? உடனே பாருங்கள்!!

அரவிந்த்: அப்பா, அந்தப் பட்டியலில் தோட்டக்காரர் கூட இருக்கிறார். முழுதாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மாலதி: விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கீதா, நீதான் அந்தத் துறையில் இருக்கிறாய். உள்ளதை உள்ளபடி சொல். பூசி மெழுக வேண்டாம்.

கீதா: ஷிப்ட்டில் இருக்கிறேன் அக்கா. 9 மணிக்கு மேல் வருகிறேன்.

செல்வா: ஷிப்ட்டில் ஆளே தேவைப்படாது என்றுதான் நானும் சொல்கிறேன் 😀

தாத்தா: ஏஐ என்பது கேள்வி கேட்டால் பதில் எழுதுமே, அதுதானே?

நிலா: அது ஒரு வகை தாத்தா. மீட்டர் காட்டும் எண்களைப் பார்த்து, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது இன்னொரு வகை. மாமா இரண்டையும் சேர்த்துப் பயமுறுத்துகிறார்.

அரவிந்த்: நிலா, மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நான் கன்சல்டன்சியில் சேர்ந்தபோது கொடுத்த வேலை என்ன? லேப் ரிப்போர்ட்டை எக்செலில் ஏற்றுவது, பழைய அறிக்கையைப் பார்த்துப் புதியதற்கு முதல் வரைவு எழுதுவது. இப்போது அந்த வரைவு சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. புதிதாக ஆள் எடுப்பதும் எங்களிடம் குறைந்திருக்கிறது.

அரவிந்த்: ஆனால் அப்படி வந்த வரைவு ஒன்றில், அந்தப் பக்கமே வராத ஒரு பறவையைக் கண்டதாக இருந்தது. நடை என்னவோ பிரமாதம்.

மாலதி: 😄

மாலதி: சிரிக்கிறேனே தவிர, ஆள் குறைகிறது என்றதும் பக்கென்றது.

இரவு 9:20

கீதா: வந்துவிட்டேன். செல்வா அண்ணா, ஏஐ எங்கள் பிளான்ட்டுக்கு வந்து நாளாகிறது. கழிவுநீர் நிலையத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, ஏரேஷன் டேங்குக்குக் காற்று ஊதவே போகிறது. டேங்கில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று நேரத்துக்கு நேரம் கணித்து ப்ளோயரைக் கூட்டிக் குறைப்பதில் அது கெட்டி. இரவு முழுவதும் என்னால் அப்படிச் செய்ய முடியாது.

செல்வா: அப்படிப் போடு!

கீதா: இருங்கள், முடிக்கவில்லை. அந்தக் கணிப்பு டேங்கில் தொங்கும் டி.ஓ. மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவியை, நம்பித்தான் நடக்கிறது. மீட்டர் முனையில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். அதிலும் உயிர்கள்தான், அவையும் ஆக்சிஜனை உறிஞ்சும். டேங்கில் போதுமான அளவு இருந்தாலும் மீட்டர் குறைத்துக் காட்டும். கணிக்கும் ஏஐ மாடல் அதை நம்பி ப்ளோயரைக் கூட்டிக்கொண்டே போகும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். எங்கள் ஆபரேட்டர் ஒருவர் டேங்க் ஓரமாக நடந்தவர், நுரையின் நிறத்தைப் பார்த்துவிட்டு “மீட்டரைக் கழற்றுங்கள்” என்றார். கழற்றித் துடைத்ததும் எண் ஏறியது.

தாத்தா: பேஷ்.

செல்வா: அதையும் ஒரு கேமரா பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

கீதா: கற்றுக்கொள்ளட்டும் அண்ணா, எனக்கு வேலை மிச்சம். இது புதிய கதையும் இல்லை. 1936இல் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு முறை கண்டுபிடித்தார். குழாய் வலையில் எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று காகிதத்தில் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்குவது. சின்ன வலைக்கே மணிக்கணக்கில் ஆகும். 1993இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. ஈபாநெட் என்ற மென்பொருளை வெளியிட்டு இலவசமாகவே கொடுத்தது. இன்று அதில் கண் மூடித் திறப்பதற்குள் விடை வருகிறது.

நிலா: அப்போது குழாய் வடிவமைப்பவர்கள் வேலையை இழந்தார்களா சித்தி?

கீதா: வடிவமைப்பவர்கள் இழக்கவில்லை. பெரிய வலைகளைத் துணிந்து எடுத்துச் செய்தார்கள். கணக்கு மட்டும் போட்டுக்கொடுத்தவர்களுக்குத்தான் இடமில்லாமல் போனது. அரவிந்த் சொன்ன வரைவு வேலை அந்த ரகம்.

செல்வா: சரி, நானும் தேடிப் பார்த்தேன். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கலந்து ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு நோய் வந்ததாம். வடிகட்டிய தண்ணீரில் கலங்கல் ஏறியது பதிவாகியும் இருக்கிறது. பொறியாளர்கள் இருந்து என்ன பயன்? ஏஐ இருந்திருந்தால் அப்போதே கத்தியிருக்கும்.

கீதா: கத்தியிருக்கும் அண்ணா, நான் மறுக்கவே இல்லை. கலங்கல் ஏறினாலும் அன்றைய சட்ட வரம்பைத் தாண்டவில்லை, அதனால் யாரும் பதறவில்லை. இப்படி மெல்ல மாறும் போக்கைப் பிடிப்பதில் மாடல் நம்மைவிடக் கூர்மை. அந்தக் கிருமியைக் குளோரினும் சரியாகக் கொல்லாது, வடிகட்டிதான் தடுக்க வேண்டும்.

கீதா: ஆனால் அது கத்திய பிறகு? ஒரு நகரத்துக்கே தண்ணீரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும். மருத்துவமனை, தீயணைப்பு எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். தவறாகப் போனால் விசாரணையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். மாடலைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அரவிந்த்: அத்தை, வாக்கர்டன் கதையையும் சொல்லுங்கள்.

கீதா: அது 2000இல், கனடாவில். கனமழையில் மாட்டுச் சாணம் கரைந்து ஊர்க் கிணற்றில் ஈ.கோலை பாக்டீரியா இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் படுத்தார்கள். குளோரின் அளவை ஒழுங்காகப் பார்க்காமலே பார்த்ததாக ஆபரேட்டர்கள் பதிவேட்டில் எழுதி வந்தது விசாரணையில் தெரிந்தது. அந்தப் பதிவேட்டை மாடலிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? குளோரின் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவருக்கு வேலை இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மாலதி: இதெல்லாம் அனுபவம் உள்ளவர்களுக்கு. முதல் வேலையே கிடைக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

கீதா: அக்கா, என் கவலையும் அதேதான். என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து குறைவு. அரவிந்த் செய்த அந்தச் சலிப்பான வேலையில்தான் எந்த எண் உதைக்கிறது என்று கண் பழகும். அந்தப் படியை எடுத்துவிட்டு நேரே மேலே ஏறச் சொன்னால் எப்படி? நிறுவனங்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

அரவிந்த்: உண்மை. இப்போது என்னைத் தளத்துக்கு அதிகம் அனுப்புகிறார்கள், அது ஒரு லாபம். சேற்றில் நின்று மாதிரி எடுக்க இன்னும் ஆள்தான் போக வேண்டும்.

செல்வா: வேலை குறைகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்!

கீதா: ஒரு பக்கம் குறைகிறது, இன்னொரு பக்கம் குவிகிறது. எளிதில் சிதையாத பிஃபாஸ் (PFAS) வேதிப்பொருட்களைப் பாருங்கள். 2024இல் இ.பி.ஏ. அவற்றில் இரண்டுக்குக் குடிநீரில் லட்சம் கோடியில் 4 பங்கு என்று வரம்பு வைத்தது. அந்த அளவுக்கு இறக்க கார்பன் வடிகட்டி, அயனிப் பரிமாற்றம், ஆர்.ஓ. என்று வழிகள் உண்டு. ஆனால் பிடித்து எடுத்த கழிவை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. அதற்குத் தயாராக விடை கிடையாது.

கீதா: அப்புறம் உங்கள் ஏஐயே எங்களுக்கு வேலை கொடுக்கிறது அண்ணா. 2024இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 விழுக்காடு டேட்டா சென்டர்களுக்குப் போனதாகச் சர்வதேச எரிசக்தி முகமையான ஐ.இ.ஏ.வின் கணக்கு. பலவற்றில் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறார்கள். ஆவியாக ஆக, மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறும். அதை வெளியேற்ற வேண்டும், குடிநீருக்குப் பதில் சுத்திகரித்த கழிவுநீரைத் தர வேண்டும். இதெல்லாம் யார் வேலை?

செல்வா: என் சர்வருக்கு நீ தண்ணீர் ஊற்றப் போகிறாயா. சரி, இந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு புது ஏஐ கருவி வருகிறது, என் வேலையே எத்தனை நாளோ.

தாத்தா: அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா 😂

நிலா: சித்தி, சேர்ந்தால் எதை விடாமல் படிக்க வேண்டும்?

கீதா: நுண்ணுயிரியல், நீர் வேதியியல். இரண்டையும் கடினம் என்று பலர் ஒதுக்குவார்கள், நீ ஒதுக்காதே. பைதான் ஓரளவு போதும். புள்ளியியல் நன்றாக வேண்டும், மாடல் உளறுவதைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். சட்டப் பாடம் ஒன்று இருந்தால் எடு.

அரவிந்த்: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது லேபைப் போய்ப் பார். நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனைக்கு 5 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் சில இடங்களில் செய்யாமலே எண்ணை எழுதிக் கொடுப்பார்கள்.

மாலதி: கீதா, விடுமுறையில் இவளைப் பிளான்ட்டுக்குக் கூட்டிப் போவாயா? சேர்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

கீதா: அனுமதி வாங்கிவிடுகிறேன் அக்கா. மூடிய ஷூ வேண்டும். நாற்றம் ஒத்துக்கொள்கிறதா என்று முதல் நாளே தெரிந்துவிடும். காலை 6 மணி ஷிப்ட்.

நிலா: 8 மணிக்கு வரலாமா சித்தி?

கீதா: 6. காலையில் கழிவுநீர் வரத்து ஏறும்போதுதான் பார்க்க வேண்டும்.