கேரி படம் பாத்துட்டு எந்த சீன் உங்கள விடவே இல்ல?

1976ல பிரையன் டி பால்மா எடுத்த ஹாரர் படத்த தான் சொல்றேன், மனசாலயே பொருள அசைக்குற ஸ்கூல் பொண்ணு கேரியோட கதை. ஹாஸ்டல்ல நாலு பேரு ஒரு லேப்டாப்ல பாத்தோம், எல்லாரும் ப்ராம்ல, அதான் ஸ்கூல் டான்ஸ் பார்ட்டில, அவ மேல பன்னி ரத்தம் கொட்டுறதுக்கு அலறுனாங்க, எனக்கு ஆரம்பத்துல வர்ற ஷவர் சீன் தான். மொத தடவ பீரியட்ஸ், அது என்னன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, செத்துருவோம்னு நெனச்சு ரத்தக் கையோட ஓடி வந்து ஒவ்வொருத்தியா புடிக்குது, அவளுங்க பேட தூக்கி அவ மேலயே வீசுறாளுங்க. எனக்கு எட்டாவதுல கிளாஸ்லயே ஆச்சு. பாவாடையில கறை, பின்னாடி பெஞ்சுல சிரிப்பு. கேரியா நடிச்ச சிஸ்ஸி ஸ்பேசெக் மூலையில சுருண்டு உக்காந்ததும் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

---

படம் நல்லாருக்கு, ஆனா அது கேரியே இல்லங்க. ஸ்டீபன் கிங் 1974 நாவல்ல அவ குண்டா, உடம்பெல்லாம் பருவோட இருப்பா. படத்துல ஒல்லி, 2013ல திரும்ப எடுத்தப்போ நடிச்ச க்ளோயி மோரெட்ஸ கேக்கவே வேணாம். நானும் புக்குல வர்ற கேரி மாதிரி இருந்தவ தான், அதனால கோவம் வருது. புக்குல அம்மாவோட இதயத்த மனசாலயே மெல்ல மெல்ல நிறுத்துவா, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கத்துல கை வச்சபடியே உக்காந்திருந்தேன். படத்துல கத்தியா பறக்குது.

---

மேல சொன்ன சிஸ்டர், ஒல்லியா இருந்தா ஒதுக்க மாட்டாங்களா? ஸ்பேசெக் தோள குறுக்கி, முடியால மொகத்த மூடி நடக்குறதே போதும். எனக்கு கிரீடத்தோட மேடையில சிரிக்குறா பாருங்க, மேல வாளி ஆடுது, அப்ப "எறங்கிடுமா"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். கடைசில சமாதிலேந்து வர்ற கை கூட ஸ்பேசெக்கோடது தான், டூப் வேணாம்னு அவங்களே உள்ள படுத்தாங்களாம். வீட்ல பொண்ணு இருக்கறவங்க ஒம்போது பத்து வயசுலயே சொல்லிக் குடுத்துருங்க, பைல ரெண்டு பேட், ஒரு மாத்துத்துணி வச்சு அனுப்புங்க, அப்பாவும் பேசலாம் தப்பில்ல, பையனுக்கும் சேத்து சொல்லுங்க, கிளாஸ்ல சிரிக்க மாட்டான்.

---

அண்ணா, எனக்கு அம்மா எல்லாம் சொல்லித்தான் இருந்தாங்க. எட்டாவதுல அன்னிக்கு பின்பெஞ்சுல சிரிச்சவள போன மாசம் ஒரு கல்யாணத்துல பாத்தேன், கட்டிப் புடிச்சு "நம்ம ஸ்கூல் லைஃப் எவ்ளோ ஜாலில்ல"ன்னா. அவளுக்கு ஞாபகமே இல்ல.