அப்பாவுக்கு சுகர், கிரேடு 2 ஃபேட்டி லிவர். எஸ்ஜிபிடி (லிவர் ரத்த டெஸ்ட்) நார்மல் என்றால் விட்டுவிடலாமா?

பெரம்பூர் பொண்ணு:
அப்பாவுக்கு 58 வயது, பல வருஷமாக சுகர். குடிப்பழக்கம் கிடையவே கிடையாது. ஆள் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. வயிற்று ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. ஆனால் ரத்த டெஸ்ட்டில் லிவர் என்சைம்களான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.8 லட்சம், எல்லாமே நார்மல் என்கிறது லேப் ரிப்போர்ட். "குடிக்காதவனுக்கு லிவரில் என்ன வரும்" என்கிறார். பக்கத்து வீட்டு மாமி பேச்சைக் கேட்டு கீழாநெல்லி சாறு குடிக்க ஆரம்பித்து, லிவர் கெட்டுவிடும் என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை வேறு நிறுத்திவிட்டார். பயமாக இருக்கிறது.

வேளச்சேரிவாசி:
அந்த நார்மலை நம்பி விட்டுவிடாதீங்க. டைப் 2 சுகர் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்லீரலில் கொழுப்பு உண்டு, எஸ்ஜிபிடி ஏறாமலேயே உள்ளே தழும்பு விழலாம். ஸ்கேன் சொல்லும் கிரேடு கொழுப்பைப் பற்றியது, தழும்பைப் பற்றி அல்ல. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கினால் 2204. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (180), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (6) பெருக்கினால் 1080. வகுத்தால் 2.04 வருகிறது, மூன்று ரிசல்ட்டும் நார்மலாக இருந்துமே! 1.3க்குக் கீழே என்றால் கவலை குறைவு, 2.67ஐத் தாண்டினால் லிவர் டாக்டரிடம் போயே ஆகணும். நடுவில் இருப்பதால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஊசி கிடையாது, வலிக்காது, வெறும் வயிற்றில் போகணும், அவ்வளவுதான்.

மடிப்பாக்கம் அக்கா:
முதலில் அந்த மாத்திரை விஷயம்மா. ஃபேட்டி லிவர் இருப்பவர்களும் ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) போடலாம், இவர்களை அதிகம் கொண்டுபோவது மாரடைப்புதான், அதனால் இன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கீழாநெல்லி சாறு குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒல்லி என்பதில் ஏமாற வேண்டாம், நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டினாலே ஆபத்துதான். ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), பிபி, ராத்திரி பலத்த குறட்டை, இவற்றையும் பாருங்கள். குண்டாக இருப்பவர்களுக்கு எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் வீக்கம் தணியும், ஒல்லியானவருக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மதியம் குவித்துப் போடும் சோற்றையும் நாலு மணி பஜ்ஜியையும் பாதியாக்கி, தினமும் நடக்க வையுங்கள்.

பெரம்பூர் பொண்ணு:
டேப் வைத்து அளந்தேன் அக்கா, 97! டாக்டரிடம் பேசிவிட்டேன், மாத்திரையைத் திரும்பப் போடச் சொன்னார். ஃபைப்ரோஸ்கேனுக்கு சுகர் டாக்டரே எழுதித் தருவாரா?

வேளச்சேரிவாசி:
தருவார். ரிசல்ட் கிலோபாஸ்கல் என்ற இறுக்க அளவில் வரும், 8க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே போனால் தள்ளிப்போடாமல் லிவர் டாக்டரைப் பாருங்கள்.